தோல்வியே இல்லாத 15 ஆட்டங்கள்: 2019 எல்எஸ்யூ பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம்

ஓக்மரத்தடி:

போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் கேட்டிருந்தார்: "அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு சீசன் முழுக்கத் தோற்காமல் சாம்பியன் ஆவது அவ்வளவு பெரிய விஷயமா?" அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. அதனால் தனி இழை.

நான் 2016 முதல் 2021 வரை லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரத்தில் படித்தவன். லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி, சுருக்கமாக எல்எஸ்யூ. ஊதா, பொன்னிற ஜெர்சி. டைகர் ஸ்டேடியத்தில் 1,02,321 பேர் உட்காரலாம். மைதானத்துக்கு எதிரே ஒரு நிஜப் புலியை வளர்க்கிறார்கள், பெயர் மைக். சனிக்கிழமை ராத்திரி ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமையே வேன்கள் வந்து இடம் பிடித்துவிடும். ஓக் மரங்களுக்கு அடியில் கூடாரம், அண்டா மாதிரி பாத்திரத்தில் ஜம்பலாயா என்கிற இறைச்சிச் சோறு. என் அப்பார்ட்மென்ட் ஜன்னலைத் திறந்தால் அந்த வாசம் உள்ளே வரும். யாரென்றே தெரியாதவர்கள் கூப்பிட்டுத் தட்டு நீட்டுவார்கள்.

ஆனால் நான் ஆரம்பிக்க நினைப்பது 2019-ல் அல்ல, 2017-ல். ட்ராய் என்ற சின்ன யூனிவர்சிட்டியை, ஏறத்தாழ 10 லட்சம் டாலர் கொடுத்து, "வந்து எங்களிடம் தோற்றுவிட்டுப் போங்கள்" என்கிற மாதிரி அழைத்திருந்தார்கள். அங்கே இது வழக்கம்தான். ட்ராய் வந்தது, 24-21 என்று ஜெயித்தது, காசையும் வாங்கிக்கொண்டு போனது. வெளியே வரும்போது யாரும் சத்தம்கூடப் போடவில்லை. எனக்கு முன்னால் நடந்த ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டார். பத்தடி போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

அப்போது எல்எஸ்யூவின் கோச் எட் ஆர்ஜரான். லூசியானாவின் தெற்கே லரோஸ் என்ற சதுப்பு நிலத்து ஊர்க்காரர். ஜல்லியை அரைக்கிற மாதிரி குரல். முன்பு ஓல் மிஸ் யூனிவர்சிட்டியில் மூன்று வருஷம் தலைமைக் கோச்சாக இருந்து 10 வெற்றி, 25 தோல்வி. "இவரை வைத்துக்கொண்டு எங்கே உருப்பட" என்பதுதான் 2017-ல் ஊர்ப் பேச்சு. இரண்டே வருஷத்தில் அதே மனிதர் 15-0. எப்படி நடந்தது?

என் கட்சி இதுதான்: அந்த சீசனின் முக்கியமான வெற்றி மைதானத்தில் கிடைத்தது அல்ல. ஆண்டாண்டு காலமாகப் பிடித்துவைத்திருந்த ஒரு பிடிவாதத்தை விட்டார்கள் பாருங்கள், அதுதான். சண்டைக்கு வரலாம்.

கிரிக்கெட்மட்டும்:

அண்ணா, இந்த ஆட்டத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஐந்து விநாடி மோதிக்கொள்கிறார்கள், அப்புறம் ஐந்து நிமிஷம் விளம்பரம். "பிடிவாதம்" என்றால் என்ன பிடிவாதம்? கொஞ்சம் சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள்.

ஓக்மரத்தடி:

சரி தம்பி. பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நாலு வாய்ப்பு. முடியாது போலிருந்தால் நாலாவது வாய்ப்பில் பந்தை எதிராளி பக்கம் தூரமாக உதைத்துவிடுவார்கள். கபடியில் கோட்டைத் தொட்டுவிட்டு வருகிற மாதிரி நினைத்துக்கொள், ஆனால் பதினொரு பேரும் ஒன்றாகப் பாடிப் போகிறார்கள்.

முன்னேற இரண்டு வழி. பந்தை ஒருவன் கையில் கொடுத்து ஓடவிடலாம். அல்லது க்வார்டர்பேக் என்கிற ஆள் தூரத்தில் ஓடும் ரிசீவருக்கு எறியலாம். ஓடினால் ஆபத்து குறைவு, வேகமும் குறைவு. எறிந்தால் ஒரே வீச்சில் 50 யார்டு கிடைக்கலாம், எதிராளி கையிலும் விழலாம்.

எல்எஸ்யூ காலங்காலமாக ஓடுகிற அணி. நல்ல டிஃபென்ஸ், கனமான ஆட்கள், முட்டி மோதி மூன்று யார்டு. 2011 நவம்பரில் அலபாமாவை ஓவர்டைமில் 9-6 என்று ஜெயித்தார்கள். இரண்டு பக்கமும் ஒரு டச் டவுன்கூட (பந்தை எதிராளியின் கடைசிக் கோடு தாண்டிக் கொண்டுபோவது) இல்லை. அதைக் காவியம் மாதிரி பேசுவார்கள். இரண்டே மாதத்தில் சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் அதே அலபாமா 21-0 என்று நசுக்கியது. அன்றைக்கு எல்எஸ்யூ மொத்தமாக எடுத்தது 92 யார்டு. அதிலிருந்து 2018 வரை அலபாமாவிடம் தொடர்ந்து எட்டுத் தோல்வி. நான் ஊருக்கு வந்த பிறகு அலபாமா எங்கள் மைதானத்துக்கு இரண்டு முறை வந்தது. 2016-ல் 10-0, 2018-ல் 29-0. இரண்டு ஆட்டத்தையும் நேரில் பார்த்தேன். எங்கள் அணி ஒரு புள்ளி எடுப்பதைப் பார்க்கவில்லை.

உலகம் முழுக்க எறிந்து ஆட ஆரம்பித்துவிட்டது, அலபாமாகூட மாறிவிட்டது. இவர்கள் மட்டும் "எங்கள் வழி இதுதான்" என்று நின்றார்கள். அந்தப் பிடிவாதத்தைத்தான் சொல்கிறேன்.

ஏதென்ஸ்காரன்:

கோச்சும் பிடிவாதமும் எல்லாம் சரி தம்பி, ஜோ பர்ரோ பெயரே வராமல் இரண்டு பதிவு எழுதிவிட்டீர்களே!

நான் ஒஹையோவில் ஏதென்ஸ் ஊரில் படித்தவன். செங்கல் பாவிய தெருக்கள், சுற்றிலும் மேடு பள்ளம், ஓரமாக ஹாக்கிங் ஆறு. பக்கத்தில் த ப்ளெய்ன்ஸ் என்ற சின்ன ஊரில்தான் பர்ரோ வளர்ந்தார். அவருடைய அப்பா ஜிம்மி பர்ரோ எங்கள் ஒஹையோ யூனிவர்சிட்டியில் டிஃபென்ஸ் கோச்சாக 14 சீசன் இருந்தவர். மகன் எல்எஸ்யூவில் ஆடும் கடைசி வருஷத்தை ஒன்று விடாமல் பார்க்க வேண்டும் என்று 2018 சீசனோடு வேலையை விட்டுவிட்டார். டிஃபென்ஸ் கோச் வீட்டில் வளர்ந்த க்வார்டர்பேக் என்றால் என்ன அர்த்தம்? திருடனைப் பிடிக்கிறவர் வீட்டுப் பிள்ளைக்குப் பூட்டு எப்படித் திறக்கும் என்று தெரியும்.

பர்ரோ முதலில் ஒஹையோ ஸ்டேட் என்கிற வேறொரு யூனிவர்சிட்டி அணியில் சேர்ந்தார். மூன்று வருஷம் பெஞ்ச். 2017-ல் கை எலும்பு உடைந்தது, அந்த இடைவெளியில் இன்னொருவர் முந்திக்கொண்டார். மூன்று வருஷத்திலேயே டிகிரியை முடித்துவிட்டு 2018 மே மாதம் எல்எஸ்யூவுக்குப் போனார். அங்கே முதல் வருஷம் 2,894 யார்டு, 16 டச் டவுன். பரவாயில்லை ரகம். அடுத்த வருஷம் 5,671 யார்டு, 60 டச் டவுன், இண்டர்செப்ஷன், அதாவது எதிராளி பிடித்துவிட்டது, வெறும் 6. எறிந்த பந்துகளில் 76.3 சதவீதம் ஆள் கையில் போய்ச் சேர்ந்தது. வேறு என்ன விளக்கம் வேண்டும்?

மயாமி2001:

என் கணக்கின் பெயரைப் பார்த்தாலே நான் எந்தப் பக்கம் என்று தெரிந்திருக்கும்: 2001-ல் தோற்காமல் சாம்பியன் ஆன மயாமி யூனிவர்சிட்டி பக்கம்.

இரண்டு பேரும் கதை சொல்கிறீர்கள். எனக்குக் கதை வேண்டாம், ஆட்களைப் பாருங்கள். ஜமார் சேஸ், ஜஸ்டின் ஜெஃபர்சன் இருவரும் ஒரே அணியில் ரிசீவர்கள். ஒருவர் 1,780 யார்டு, 20 டச் டவுன். இன்னொருவர் 1,540 யார்டு, 18 டச் டவுன். மூன்றாவது ரிசீவர் டெரஸ் மார்ஷல் வேறு எந்த அணியிலும் முதல் ஆள். ஓட க்ளைட் எட்வர்ட்ஸ் ஹெலேர். க்வார்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசை அந்த வருஷம் நாட்டிலேயே சிறந்தது என்று ஜோ மோர் விருது வாங்கியது. அடுத்த ஏப்ரலில் என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்கின் அணிகள் அந்த ஒரே அணியிலிருந்து 14 பேரைத் தேர்ந்தெடுத்தன, முதல் சுற்றில் மட்டும் 5 பேர். அரிசி நல்ல அரிசியாக இருந்தால் யார் வடித்தாலும் சோறு நன்றாகத்தான் இருக்கும்.

ஓக்மரத்தடி:

அண்ணே, நீங்கள் சொன்ன ஆட்களில் முக்கால்வாசிப் பேர் 2018-லும் அங்கேயே இருந்தார்கள். 29-0 என்று தோற்றதும் அவர்கள்தான். அரிசி அதேதான், உலை வைத்த விதம்தான் வேறு.

எப்போது மாறியது என்று கேட்டால் எல்லோரும் "ஜோ ப்ரேடி வந்த பிறகு" என்பார்கள். அவர் நியூ ஆர்லியன்ஸ் செய்ன்ட்ஸ் அணியில் சின்னப் பதவியில் இருந்து, 2019 ஜனவரியில் எல்எஸ்யூவுக்கு பாஸிங், அதாவது எறிந்து ஆடுவதற்கான பொறுப்பாளராக வந்தார். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. அந்த வருஷமே நாட்டின் சிறந்த உதவிக் கோச் என்று ப்ராய்ல்ஸ் விருது.

ஆனால் விதை அதற்கு முன்னால் விழுந்தது என்பது என் எண்ணம். 2019 ஜனவரி 1, "ஃபியஸ்டா போல்" என்கிற சீசன் முடிவு ஆட்டம், எதிராளி 25 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்திருந்த யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா யூனிவர்சிட்டி). ஆரம்பத்திலேயே பர்ரோ எறிந்த பந்து எதிராளி கையில் போய், அவன் ஓடி டச் டவுன். துரத்திப் போன பர்ரோவைப் பார்க்காத பக்கத்திலிருந்து ஒருவன் இடித்தான் பாருங்கள், டிவியில் பார்த்த எனக்கே தோள் வலித்தது. ஆள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பழைய எல்எஸ்யூவாக இருந்தால் "போதும்பா, இனிமேல் ஓடுவோம்" என்றிருப்பார்கள். அன்றைக்கு எறிந்துகொண்டே இருந்தார்கள். 394 யார்டு, 4 டச் டவுன், 40-32 வெற்றி. ப்ரேடி அப்போது அந்த ஊரிலேயே இல்லை.

ப்ரேடி கொண்டுவந்தது அதற்கு ஓர் ஒழுங்கு. ஐந்து பேரையும் ரிசீவர்களாக விரித்துவிடுவது. க்வார்டர்பேக் பக்கத்தில் காவலுக்கு ஆளே கிடையாது, முன்வரிசை ஐந்து பேர்தான். பார்க்கப் பைத்தியக்காரத்தனம். ஆனால் எல்லோரும் விரிந்து நிற்கும்போது எதிராளியும் விரிய வேண்டும், யார் யாரைக் காக்கிறார்கள் என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்க வேண்டும். பர்ரோ மாதிரி ஆளுக்கு அது திறந்த புத்தகம். பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடியில் எறிந்துவிடுவார்.

அஃபென்ஸுக்கு, அதாவது பந்து கையில் இருக்கும்போது ஆடும் ஆட்டத்துக்கு, பழைய கோச் ஸ்டீவ் என்ஸ்மிங்கர் அறுபது வயதுக்காரர். தன் வயதில் பாதி இருக்கிற பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீ சொல், நான் கேட்கிறேன்" என்று ஒத்துப்போனார். ஆர்ஜரான் குறுக்கே வரவில்லை. எங்கள் ஆபீஸில் எத்தனை பேர் இப்படிச் செய்வார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். விரல் மடங்கவில்லை.

ஹூஸ்டன்அக்கா:

நான் இந்த இழையை வேலை நேரத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் காட்டிக்கொடுக்காதீர்கள்.

செப்டம்பர் 7, ஆஸ்டின், டெக்ஸஸ் ஆட்டம். என் வீட்டுக்காரர் டெக்ஸஸில் படித்தவர், ஆகவே நான் ஆரஞ்சு சட்டை போட்டுக்கொண்டு எதிரணியில் உட்கார்ந்திருந்தேன். இருட்டிய பிறகும் தாங்க முடியாத புழுக்கம். ஒரு லட்சத்தை ஒட்டிய கூட்டம். எங்கள் ஆட்கள் முதல் பாதியிலேயே இரண்டு தடவை கோட்டுக்குப் பக்கத்தில் போய்ப் புள்ளி எடுக்காமல் திரும்பியது தனி எரிச்சல்.

கடைசியில் 37-31, எல்எஸ்யூ ஆறு புள்ளி முன்னால். மூன்றாவது வாய்ப்பு, இன்னும் 17 யார்டு வேண்டும், கடிகாரத்தில் இரண்டரை நிமிஷம் சொச்சம். வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார்: "இப்போது ஓடி நேரத்தைக் கடத்துவார்கள், பந்து நமக்கு வரும், ஜெயிக்கிறோம்." டெக்ஸஸ் ஆட்கள் கும்பலாகப் பாய்ந்தார்கள். பர்ரோ கொஞ்சம் முன்னால் நகர்ந்து எறிந்தார். ஜெஃபர்சன் பிடித்து ஓடினார், 61 யார்டு, டச் டவுன். பிடித்த இடத்திலிருந்து கோடு வரை அவரை யாரும் தொடவில்லை. எங்கள் பக்கம் ஒரு லட்சம் பேர் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. 45-38 என்று முடிந்தது.

காருக்கு நடந்து போகும்போது வீட்டுக்காரர் முக்கால் மணி நேரம் பேசவில்லை. அப்புறம் ஒரே வாக்கியம்: "எல்எஸ்யூ இப்படி ஆடுகிற அணியே இல்லையே!"

ஓக்மரத்தடி தம்பி சொல்கிற பிடிவாதக் கதைக்கு நான் சாட்சி. 17 யார்டு வேண்டியிருக்கும்போது எறிவது அந்த அணியின் பழக்கமே இல்லை.

மயாமி2001:

சரி, அஃபென்ஸ் பற்றி நான் வாதாடவில்லை. 15 ஆட்டத்தில் 726 புள்ளி எடுத்த அணியோடு அதில் வாதாட முடியாது.

ஆனால் டிஃபென்ஸ்? வாண்டர்பில்ட் இவர்கள் மேல் 38 புள்ளி எடுத்தது. வாண்டர்பில்ட்! நவம்பரில் ஓல் மிஸ் 614 யார்டு எடுத்தது, அந்த அணியின் க்வார்டர்பேக் மட்டும் ஓடியே 212. சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 22 புள்ளி விட்டுக்கொடுத்த அணியை, பலரும் சொல்வது போல "வரலாற்றிலேயே சிறந்தது" என்று நீங்களும் சொல்லாதீர்கள்.

என் 2001 மயாமி 12 ஆட்டத்தில் விட்டுக்கொடுத்தது மொத்தமே 117 புள்ளி. மூன்று ஆட்டத்தில் எதிராளிக்குப் பூஜ்யம். கடைசியில் "ரோஸ் போல்" என்கிற இறுதி ஆட்டத்தில் நெப்ராஸ்காவை 37-14. அந்த அணியிலிருந்து காலப்போக்கில் 38 பேர் என்எஃப்எல் போனார்கள், 17 பேர் முதல் சுற்று. அது அணியா, பட்டாளமா?

ஏதென்ஸ்காரன்:

மயாமி சாரே, அந்தப் பட்டாளம் வர்ஜீனியா டெக்கை 26-24 என்று எப்படித் தப்பித்து ஜெயித்தது என்பதையும் எழுதியிருக்கலாம். நெப்ராஸ்காவைப் பற்றிப் பேசினால் 1995 நெப்ராஸ்காவை எங்கே வைப்பீர்கள்? 12 ஆட்டத்தில் எதையும் 14 புள்ளிக்குக் குறைவாக ஜெயிக்கவில்லை. இறுதியில் ஃப்ளோரிடாவை 62-24. எறிவதே அபூர்வம், ஓடி ஓடியே கொன்றார்கள். ஆகவே ஓடுவது முட்டாள்தனம் என்று ஆகிவிடாது, தம்பி. ஓடத் தெரிந்து ஓட வேண்டும்.

ஓக்மரத்தடி:

அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன்.

டிஃபென்ஸ் பற்றி மயாமி அண்ணன் சொன்னதிலும் பாதி நிஜம். ஓல் மிஸ் ஆட்டத்தன்று ஜெயித்தும் எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மீதிப் பாதி இது: அதற்கு அப்புறம் இரண்டு வாரம் கழித்து டெக்ஸஸ் ஏ அண்ட் எம் எடுத்தது 7 புள்ளி. அடுத்த வாரம் எங்கள் பகுதி யூனிவர்சிட்டிகளின் லீக்கான எஸ்இசி இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியா 10. டெரெக் ஸ்டிங்லி என்று முதல் வருஷப் பையன், 6 இண்டர்செப்ஷன். க்ரான்ட் டெல்பிட் நாட்டின் சிறந்த டிஃபென்ஸிவ் பேக் (டிஃபென்ஸின் பின்வரிசை ஆள்) விருது வாங்கினார். காயம் ஆறி ஆட்கள் திரும்பி வந்ததும் பல் முளைத்துவிட்டது.

இன்னொன்று. யாரை ஜெயித்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். ஆடிய நேரத்தில் நாட்டுத் தரவரிசையில் முதல் பத்து இடத்துக்குள் இருந்த ஏழு அணிகள்: டெக்ஸஸ், ஃப்ளோரிடா, ஆபர்ன், அலபாமா, ஜார்ஜியா, ஓக்லஹாமா, க்ளெம்சன். 2001-ல் மயாமிக்கு இப்படி ஒரு வரிசை வாய்க்கவில்லை.

அலபாமா ஆட்டத்துக்கு வருகிறேன். நவம்பர் 9, அலபாமாவின் ஊரான டஸ்கலூசா. டிக்கெட் வாங்கக் காசில்லை, ஒரு நண்பன் வீட்டில் பன்னிரண்டு பேர், ஒரு சோபா. அலபாமா க்வார்டர்பேக் டுவா டகோவைலோவா கணுக்கால் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரத்தில் ஆட வந்திருந்தார். பந்து அவர்களுக்குக் கிடைத்த முதல் முறையிலேயே கோட்டுக்குப் பக்கத்தில் யாரும் தொடாமலே பந்து அவர் கையிலிருந்து நழுவியது. சோபாவில் இருந்த ஒருவன் "இன்றைக்கு நம் நாள்" என்றான். எட்டு வருஷமாக அடி வாங்கியவர்கள் என்பதால் மற்ற பதினொரு பேரும் அவன் வாயை அடைத்தோம்.

முதல் பாதி முடிய அரை நிமிஷம்கூட இல்லை. எட்வர்ட்ஸ் ஹெலேர் ஒரு டச் டவுன். உடனே பேட்ரிக் க்வீன் ஒரு இண்டர்செப்ஷன். மறுபடி எட்வர்ட்ஸ் ஹெலேர் ஒரு டச் டவுன். 33-13. யாரும் கத்தவில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பயமாக இருந்தது. பயந்தபடியே அலபாமா துரத்தியது, 33-27 ஆனது, கடைசியில் 46-41 வரை வந்தது. டுவா 418 யார்டு எறிந்தார், ஒற்றைக் காலில்! ஒவ்வொரு முறை அவர்கள் நெருங்கும்போதும் எல்எஸ்யூ பந்தை எடுத்து மறுபடி ஓர் டச் டவுன் போட்டது. எட்வர்ட்ஸ் ஹெலேர் அன்றைக்கு மொத்தம் நாலு. பேட்டன் ரூஜில் பிறந்து வளர்ந்த பையன்.

அந்த ராத்திரி எங்கள் தெருவில் ஒரு பாட்டி நைட்டியோடு வெளியே வந்து சாஸ்பேனைக் கரண்டியால் தட்டிக்கொண்டு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

கிரிக்கெட்மட்டும்:

அந்தப் பாட்டிக்காகவே நான் இந்த அணி.

ஏதென்ஸ்காரன்:

உள்ளூரில் கடைசி ஆட்டம், ஏ அண்ட் எம்முக்கு எதிராக. பர்ரோ என்கிற பெயரை லூசியானாவின் பிரெஞ்சுப் பாணியில் மாற்றி எழுதிய ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். உச்சரிப்பு அதேதான், எழுத்துதான் வேறு. வெளியூர்ப் பிள்ளை எங்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது என்று ஸ்டேடியமே எழுந்து நின்றது. எனக்குக் கொஞ்சம் பொறாமை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருது மேடையில் அவர் எங்களை மறக்கவில்லை. டிசம்பர் 14. 841 முதல் இட வாக்கு, அதுவரை யாருக்கும் இல்லாத வித்தியாசம். 1959-ல் பில்லி கேனன் வாங்கிய பிறகு எல்எஸ்யூவுக்கு அதுதான் இரண்டாவது ஹைஸ்மன். மேடையில் ஏறி, தொண்டை அடைத்து, ஏதென்ஸ் கவுன்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பள்ளிவிட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பேசினார். நான் படிக்கும்போது அந்தக் கவுன்டியின் உட்புற ஊர்களுக்கு ஒரு ப்ராஜெக்ட்டுக்காகப் போயிருக்கிறேன். பாதிக் கடைகள் பலகை அடித்து மூடிக்கிடக்கும். அதை நாடே பார்க்கிற மேடையில் ஒருவர் சொல்வார் என்று யார் நினைத்தது? உள்ளூர்க்காரர் ஒருவர் நெட்டில் நிதி திரட்ட ஆரம்பித்தார். சில நாளில் அங்கிருக்கும் உணவு வங்கிக்கு ஐந்து லட்சம் டாலரைத் தாண்டியது. நானும் 20 டாலர் போட்டேன். பெரிய தொகை இல்லை, அப்போது என் சம்பளம் அப்படி.

ஓக்மரத்தடி:

அடுத்தது செமிஃபைனல். டிசம்பர் 28, அட்லாண்டா, ஓக்லஹாமா. ஸ்கோரை முதலில் சொல்லிவிடுகிறேன்: முதல் பாதியில் 49-14. பர்ரோ அந்த ஒரு பாதியிலேயே ஏழு டச் டவுன் எறிந்தார், அதில் நாலு ஜெஃபர்சனுக்கு. முடிவில் 63-28.

ஆனால் அன்றைக்கு அதைக் கொண்டாட முடியவில்லை. காலையில் லூசியானாவில் லாஃபயெட் நகரத்தில் ஒரு சின்ன விமானம் புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் கார்லி மெக்கார்ட், விளையாட்டுச் செய்தியாளர், என்ஸ்மிங்கரின் மருமகள். ஆட்டம் பார்க்க அட்லாண்டா வந்துகொண்டிருந்தார். ஆட்டத்துக்கு முன்னால் என்ஸ்மிங்கருக்குத் தகவல் வந்தது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. மாடியில் கோச்சுகள் அறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்ப்பிலும் என்ன ஆட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேமரா ஒரு முறை அவர் பக்கம் திரும்பியது. காதில் ஹெட்செட், கையில் தாள், கண் சிவந்திருந்தது. உடனே படத்தை மாற்றிவிட்டார்கள்.

இதற்கு மேல் அந்த ஆட்டத்தைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை.

ஹூஸ்டன்அக்கா:

அன்றைக்கு நாங்களும் டிவியை அணைத்துவிட்டோம் தம்பி.

இறுதி ஆட்டத்தை நான் எழுதுகிறேன், நீங்கள் கொஞ்சம் தண்ணீர் குடியுங்கள். 2020 ஜனவரி 13, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். பேட்டன் ரூஜிலிருந்து 80 மைல், கிட்டத்தட்ட சொந்த மைதானம். எதிரே க்ளெம்சன், தொடர்ந்து 29 வெற்றி, முந்தைய வருஷத்து 15-0 சாம்பியன். அவர்கள் க்வார்டர்பேக் ட்ரெவர் லாரன்ஸ் கல்லூரியில் தொடக்க ஆட்டக்காரராக ஒரு ஆட்டமும் தோற்றதில்லை.

முதலில் எல்எஸ்யூ திணறியது. பந்து கிடைக்கும் ஒவ்வொரு முறையும் தன் கோட்டுக்கு ஒட்டிய இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. இரண்டாம் குவார்ட்டரில் க்ளெம்சன் 17-7. எங்கள் வீட்டுக்காரர் டெக்ஸஸ் தோல்வியை மனதில் வைத்துக்கொண்டு க்ளெம்சன் பக்கம். ரொம்ப சந்தோஷமாக வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் சேஸ் ஓட ஆரம்பித்தார். 9 கேட்ச், 221 யார்டு. இடைவேளைக்குள் 28-17. கடலை நின்றுவிட்டது. முடிவு 42-25. பர்ரோ 463 யார்டு, எறிந்து ஐந்து, ஓடி ஒன்று. அப்புறம் உடை மாற்றும் அறையில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்தப் புகைப்படம், அதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

மயாமி2001:

அக்கா வீட்டுக்காரருக்கு என் அனுதாபம். அவரை இங்கே சேர்த்துவிடுங்கள், எனக்கும் துணை வேண்டும்.

இப்போது எல்லோரும் தவிர்க்கிற பகுதி. 2020-ல் என்ன ஆனது? முதல் ஆட்டமே மிசிசிப்பி ஸ்டேட்டிடம் சொந்த மைதானத்தில் 44-34 தோல்வி. எதிராளி க்வார்டர்பேக் 623 யார்டு எறிந்தார். சீசன் 5-5. பர்ரோ போய்விட்டார், ப்ரேடி என்எஃப்எல் போய்விட்டார், டிஃபென்ஸ் கோச் டேவ் அரண்டா பேய்லர் யூனிவர்சிட்டிக்குப் போய்விட்டார். 2021 அக்டோபரில் ஆர்ஜரானையும் அனுப்புவதாக அறிவித்துவிட்டார்கள், கிட்டத்தட்ட 17 மில்லியன் டாலர் கையில் கொடுத்து. சாம்பியன் ஆகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பிடிவாதத்தை விட்ட ஞானம் அதற்குள் எங்கே போனது?

ஆகவே என் முடிவு: ஆட்கள் இருந்தார்கள், ஜெயித்தார்கள். போனார்கள், தோற்றார்கள்.

ஓக்மரத்தடி:

வலிக்கிற இடத்தில் கையை வைத்துவிட்டீர்கள்.

ஆட்கள் போனதால் தோற்றார்கள் என்பது சரி. ஆனால் 2018-ல் ஆட்கள் இருந்தும் 29-0 ஆனதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை அண்ணே. இரண்டும் வேண்டியிருந்தது, இரண்டும் ஒரே வருஷம் வந்து சேர்ந்தது. ஆர்ஜரானுக்கும் அது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் கெட்டிக்காரத்தனமே சரியான ஆட்களைச் சேர்த்து அவர்களை வேலை செய்யவிட்டதுதான். 2020-ல் போனவர்கள் இடத்துக்கு வந்தவர்களைச் சரியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அது அவர் தவறுதான், மறுக்கவில்லை.

மயாமி2001:

2018 பற்றி: ஒரு வருஷம் வயது கூடினால் பிள்ளைகள் வளர மாட்டார்களா? சேஸ் அப்போது முதல் வருஷம்.

சரி, பர்ரோவும் முன்வரிசையும் மட்டும் வளர்ந்தால் 29-0 என்பது 46-41 ஆகாது. அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். அதற்கு மேல் ஒரு யார்டுகூடக் கிடையாது.

ஏதென்ஸ்காரன்:

நாலாவது வாய்ப்பில் அண்ணன் உதைத்துவிட்டார்!

கிரிக்கெட்மட்டும்:

எல்லாம் படித்து முடித்தேன். ஒரே ஓர் ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் எதைப் பார்ப்பது? இறுதி ஆட்டமா, அலபாமாவா?

ஓக்மரத்தடி:

இரண்டும் வேண்டாம். அக்டோபர் 26, ஆபர்ன், 23-20. அந்த சீசனில் இவர்கள் 30 புள்ளியைத் தாண்டாத ஒரே ஆட்டம். பர்ரோ எறிந்து ஒரே ஒரு டச் டவுன்தான். மூன்றாம் குவார்ட்டரில் ஆபர்ன் 13-10 என்று முன்னால் போனது. எறியத் தெரிந்த அணிக்கு ஓடவும் தெரிந்ததா என்று அங்கேதான் பார்க்கலாம்.

கிரிக்கெட்மட்டும்:

ஆரம்பித்துவிட்டேன் அண்ணா. இந்த ஆபர்ன்காரர்கள் முன்னால் மூன்று பேரை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவர்களை எல்லாம் பின்னால் அனுப்பிவிடுகிறார்கள். எறியவே விடாமல் மறித்து நிற்கிறார்கள். இது பயமா, தந்திரமா?

ஓக்மரத்தடி:

பயந்ததால் வந்த தந்திரம். அத்தனை பேரும் பின்னால் நிற்கிறார்களா? அப்படியென்றால் முன்னால் இடம் காலி. இனி பந்து யார் கைக்குப் போகிறது என்று பார்.

கிரிக்கெட்மட்டும்:

22-ஆம் நம்பரா? ஆள் குள்ளமாக இருக்கிறாரே.

ஓக்மரத்தடி:

அவரேதான், எட்வர்ட்ஸ் ஹெலேர். அன்றைக்கு ஓடியே 136 யார்டு.